காய்ந்த கிளையை ஆனி வரை விடலாமே
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



மாசி பிறந்துவிட்டது. பூங்காவில் காலை நடை போகும்போது 'டொக், டொக், டொக்' என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். சுரங்கத்து ஊர் அல்லவா, நான் முதலில் ஏதோ மோட்டார் என்றே நினைத்தேன்! அது குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது; பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. ஆலம்பழம், அரசம்பழம் என்றால் உயிர். கூடு கட்டத் தெரியாது. காய்ந்து உளுத்த கிளையின் அடிப்பக்கத்தை ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கொத்திப் பொந்தாக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பறக்கச் சித்திரை ஆகிவிடும்.

பூவுக்குப் பூ ரீங்காரமிட்டு வருமே, பெரிய கருவண்டு? அதுவும் காய்ந்த கட்டையைக் குடைந்துதான் முட்டையிடுகிறது.

2011 டிசம்பர் 30, தானே புயல். அன்று நம் தெருக்களில் மரங்கள் விழுந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன்பிறகு காய்ந்த கிளை கண்ணில் பட்டாலே வெட்டச் சொல்லி மனு கொடுக்கிறோம். நானும் கையெழுத்துப் போட்டவன்தான். நடைபாதைக்கும் ஊஞ்சலுக்கும் மேலே தொங்குவதை உடனே வெட்டத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஓரத்து மரங்களுக்கு என்ன அவசரம்? நமக்குப் புயல் வருவது பெரும்பாலும் ஐப்பசிக்குப் பிறகு. ஆனியில் வெட்டினாலும் போதும்.

அதற்குள் கிளையின் அடியில் வட்டமாக ஓட்டை ஏதும் தெரிந்தால், எந்த மரம் என்று சங்கத்தில் சொல்லிவையுங்கள்.