உறுமி சொல்லும் சேதி



உலக இசை என்றதும் வெளிநாட்டுப் பேர்களே ஞாபகம் வரும். நம்ம பாஞ்சாலங்குறிச்சியிலிருந்தே தொடங்குவோமே. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 போருக்குப் பின் கோட்டையும் தரைமட்டமானது. ஆனாலும் அவர் வழிவந்த ராஜகம்பளத்தார் வீரசக்கதேவி ஆலய விழாவில் இன்றும் தேவராட்டம் ஆடுகிறார்கள்.

இந்த ஆட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்கிற உறுமிதான் எல்லாம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசினால் அது உறுமும். கொட்டு மாறினால் அடி மாறும்.

நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் பேசும் முரசு ஒன்று உண்டு. அவர்கள் மொழியில் குரல் ஏறி இறங்கினால் பொருளே மாறும். முரசு அந்த ஏற்ற இறக்கத்தை ஒலிக்க, கேட்பவருக்குச் சொல் விளங்கிவிடும். அங்கே முரசு காதோடு பேசுகிறது. இங்கே காலோடு பேசுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாவில் தேவராட்டம் ஆடுங்கள், ரொம்பச் சந்தோஷம். ஆனால் பதிவுசெய்த இசையைப் போட்டு ஆடாதீர்கள். உறுமிக்காரரை மேடைக்கு அழையுங்கள். உரிய சம்பளமும் மரியாதையும் கொடுங்கள். பதிவுசெய்த இசை உங்கள் காலைப் பார்க்காது, அவர் பார்ப்பார்.