சரியாக வராத சோதனைக்கு ஒரு சபை



அறிவியல் ஆசிரியர்களுக்கென்று இணையத்தில் ஒரு தொழில்முறைச் சபையை எப்படி அமைப்பது என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். கேட்டவுடன் செயலி, கடவுச்சொல், சர்வர் என்று மனம் ஓடும். அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன். நேரம் போதாவிட்டால் பேசாமலே விட்டாலும் பெரிய நட்டமில்லை. ஒரு மெழுகுவத்தியிலிருந்து தொடங்கலாம்.

தட்டில் நீர், நடுவே எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, நீர் குவளைக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டது என்ற விளக்கத்தை நம்மில் பலர் மாணவராக இருந்து கேட்டிருக்கிறோம், ஆசிரியரான பின் சொல்லியும் இருக்கிறோம். இப்போது ஒரு மாணவி அதே குவளைக்குள் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பார்க்கிறாள். நீர் முன்னைவிட உயரமாக ஏறுகிறது. குவளை அதேதான், உள்ளிருந்த ஆக்சிஜனும் கூடவில்லை. பிறகு எப்படி?

விடை நமக்குத் தெரிந்த இயற்பியல்தான். சுடரின் வெப்பத்தில் காற்று விரிகிறது. குவளையைக் கவிழ்க்கும்போதே அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி நீராகிறது. அப்போதுதான் வெளியிலுள்ள காற்றழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகே ஏறுவதைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். ஆக்சிஜன் முழுதும் தீர்வதற்கு வெகு முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடும். எரிதலில் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடும் இடம் பிடிக்கும். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர் ஏறுவது பல காரணங்கள் சேர்ந்து தரும் தற்செயல்.

விடை இருக்கட்டும். அந்த மாணவி கேட்ட அன்று மாலை அவளுடைய ஆசிரியர் யாரிடம் போய்ப் பேசுவார்? நடுநிலைப் பள்ளியில் அறிவியலுக்கு அவர் ஒருவர்தான். மற்ற வகுப்புகளின் ஆசிரியர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களுக்கு இது கவலை இல்லை. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதுதான் எளிது. அமெரிக்க ஆசிரியர்களைப் பற்றி 1975இல் சமூகவியலாளர் டான் லார்ட்டி எழுதிய நூல், ஆசிரியத் தொழிலின் தனிமையைத்தான் பெரிதாகப் பேசியது. கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை இது. ஒருவர் கண்டுபிடித்த நல்ல வழி அவர் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடும். கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் சுட்டிக்காட்டியது இன்னொன்று: பாடத்தை அறிந்திருப்பது ஓர் அறிவு, அந்தப் பாடம் எந்த இடத்தில் மாணவருக்கு இடறும், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும் என்று அறிந்திருப்பது வேறோர் அறிவு. இரண்டாவது அறிவு பட்டப்படிப்பில் கிடைப்பதில்லை. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர்தான் அதைக் கொடுத்துக்கொள்ள முடியும். சபை ஒன்று வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட முயற்சி ஒன்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நடந்தது. சாஷா பராப் என்பவரும் அவருடைய குழுவினரும் 1990களின் கடைசியில், அம்மாநிலத்தின் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்காக ‘இன்குவைரி லேர்னிங் ஃபோரம்’ என்ற இணைய அரங்கைத் தொடங்கினார்கள். அதன் உயிர்நாடி வகுப்பறை வீடியோ. ஓர் ஆசிரியரின் வகுப்பைப் படம் பிடித்துச் சிறு சிறு துண்டுகளாக வைப்பார்கள். கூடவே பாடத்திட்டம், மாணவர் செய்த வேலை, அந்த ஆசிரியரே தன் வகுப்பைப் பற்றிச் சொல்லும் எண்ணங்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே அந்த வகுப்பறைக்குள் போய் உட்காரலாம், பார்த்ததைப் பற்றிப் பேசலாம். திரையில் வகுப்பறை, ஓய்வறை, நூலகம், என் மேசை என்று பள்ளிக் கட்டடத்தின் பெயர்களையே வைத்திருந்தார்கள்.

யோசனை அழகானது. ஆனால் பேச்சு அவர்கள் நினைத்தபடி வரவில்லை. தன் வகுப்பைத் திறந்து காட்டிய ஒருவரைப் பார்த்து “இந்த இடத்தில் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள்” என்று யார் எழுதுவார்? அதுவும் முகமறியாத இடத்தில்? பாராட்டும் நன்றியும் வந்தன, விமரிசனம் தயங்கி நின்றது. தங்கள் அனுபவத்தை எழுதிய கட்டுரைகளில் அந்தக் குழுவினர் இதை மறைக்கவில்லை. 2001இல் வெளியான ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே ‘போராட்டம்’ என்ற சொல் இருக்கிறது. வெற்றி அறிக்கைகளே குவியும் கல்வித் தொழில்நுட்பத் துறையில் இது அபூர்வம். பின்னால் அவர்கள் திறந்தவெளியை நம்புவதைக் குறைத்துக்கொண்டு, பொதுவான ஒரு வேலையை முன்னிட்டுச் சேர்ந்த சிறு வட்டங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஏற்கெனவே நேரில் சந்தித்தவர்கள், ஒரே பயிலரங்குக்குப் போனவர்கள் அடங்கிய வட்டங்களில் பேச்சு பிடித்துக்கொள்வது எளிது. சபையை யாரும் கட்டித் தர முடியாது, அது வளர்வதற்கான சூழலை மட்டுமே அமைக்கலாம் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

கலிபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் 1997இல் தொடங்கிய ‘டாப்டு இன்’ என்ற இணைய அரங்கு வேறு வகை. எழுத்தாலேயே வருணிக்கப்பட்ட ஒரு கற்பனைக் கட்டடம். அதன் அறைகளில் ஆசிரியர்கள் குறித்த நேரத்தில் கூடித் தட்டச்சில் பேசிக்கொள்வார்கள். அதை நடத்திய மார்க் ஷ்லாகரும் ஜூடித் ஃபுஸ்கோவும் 2003இல் தங்களையே கேள்வி கேட்டுக்கொண்டு எழுதினார்கள்: ஆசிரியர்களிடையே உள்ளூரில் ஏற்கெனவே என்ன உறவு இருக்கிறது என்று பார்க்காமல், தொழில்நுட்பத்தை முதலில் கொண்டுவந்து வைக்கிறோமே, சரியா? பத்து ஆண்டு கழித்து அந்தக் கட்டடம் மூடப்பட்டது.

உள்ளூர் உறவை முதலில் கட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருந்தார்கள். அவர்களிடம் கணினி இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978இல் மாவட்டம் முழுவதற்கும் போயிற்று. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பிறகு அதைத் தாங்கியது. பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே மேசையில் சோதனை செய்தார்கள். மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம். எந்தச் சோதனை வரவில்லை, எந்தக் கேள்விக்குத் திணறினோம் என்பதுதான் அங்கே பேச்சு. அப்படி வந்தவற்றைக் கொண்டு ‘பால் வைஞானிக்’ பாடநூலைத் திருத்தினார்கள். ஆசிரியர் சொன்ன குறை அடுத்த பதிப்பில் மாற்றமாக வந்து நின்றது. குழந்தைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதிப்போட ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதரின் முகவரியும் உண்டு. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. 

இந்தியானாவில் வராத பேச்சு ஹோஷங்காபாத்தில் எப்படி வந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். இந்தியானாவில் சபைக்கு நடுவே ஓர் ஆசிரியர் இருந்தார், அவருடைய வகுப்பு இருந்தது. ஹோஷங்காபாத்தில் நடுவே இருந்தது சோதனை. மெழுகுவத்தியைக் குறை சொல்வதால் யாருக்கும் மனம் நோகாது. எல்லோரும் அதே சோதனையைத் தத்தம் வகுப்பில் செய்தவர்கள் என்பதால் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது. அறிவியல் ஆசிரியர்களுக்கு மற்றப் பாட ஆசிரியர்களுக்குக் கிட்டாத வசதி இது: பொருளை மேசையில் வைத்துவிட்டு, ஆளை விட்டுவிட்டுப் பேசலாம்.

இப்போது நம் ஆசிரியர்களின் கைபேசிக்கு வருவோம். வாட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. காலை வணக்கம், சுற்றறிக்கை, எமிஸ் என்ற பள்ளித் தரவுத் தளத்தில் பதிய இன்றே கடைசி நாள், பணி நிறைவு வாழ்த்து, மறுபடி சுற்றறிக்கை. உயர் அலுவலர் உறுப்பினராக உள்ள குழுவில் “எனக்கு இந்தச் சோதனை வரவில்லை” என்று யாரும் எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஆய்வின்போது அது நினைவில் இருக்கும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே அமைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு எந்தச் செயலி என்பதைப் பற்றியது அல்ல. யார் உள்ளே இருக்கக்கூடாது என்பதைப் பற்றியது. மதிப்பீடு செய்யும் அதிகாரமுள்ள எவரும் வட்டத்துக்குள் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். அலுவலர்கள் அறிய வேண்டுமென்றால் வட்டம் தானே தொகுத்துத் தரும் பதிவைப் படிக்கலாம்.

வட்டம் சிறிதாக இருக்கட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்தவர்களாக இருந்தால் நல்லது. மாதம் ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் வகுப்பில் செய்து, நடந்ததை அளவோடு எழுதட்டும்: குவளையின் உயரம், மெழுகுவத்திகளின் எண்ணிக்கை, நீர் ஏறிய உயரம், பிள்ளைகள் சொன்ன காரணம். படம் எடுத்தால் மேசையை எடுங்கள், முகங்கள் வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சு இரண்டு நாளில் அடியில் போய்விடும். அதனால் மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து அதை நான்கு பக்கமாகத் தமிழில் தொகுக்க வேண்டும். நிறுவனம் மூடினாலும் எடுத்துவைத்துக்கொள்ளக்கூடிய சாதாரணக் கோப்பாக அது இருக்க வேண்டும். டாப்டு இன்னிடமிருந்து நாம் கற்க வேண்டியது இது.

தொகுப்பவர் என்றேன். எல்லாத் திட்டங்களும் தடுக்கி விழுவது இங்கேதான். பேச்சைத் தொடங்கிவைத்து, மௌனமாக இருப்பவரைத் தனியாக அழைத்துக் கேட்டு, தவறான விளக்கத்தை மென்மையாகத் திருத்தி, கடைசியில் எழுதியும் தருவது ஒரு முழு வேலை. அதை ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரின் தலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கட்டிவிட்டு, சேவை என்று பெயர் வைப்பது நம் வழக்கம். அவர் ஓராண்டு செய்வார், இரண்டாண்டு செய்வார். மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அவருடைய வாரப் பாடவேளைகளில் ஆறை வேறொருவருக்குக் கொடுக்க வழி செய்தால் போதும். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு எதற்காவது நிதி தர எண்ணினால், அந்த ஆறு பாடவேளைகளுக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.