தினையில் பிறந்த நூடுல்ஸ்

நம் கோலார் தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை வீதியில் புதிதாக ஒரு சீன உணவுச்சாலை திறந்தால், குடும்ப சமேதராய்ச் சென்று ஆவி பறக்கும் நூடுல்ஸ் தட்டின் முன் அமர்கிற பெரியவர்கள் சிலர், இது நமக்குச் சம்பந்தமில்லாத பதார்த்தம் என்று சங்கோசப்படுவதுண்டு. அந்தச் சங்கோசம் அவசியமற்றது.

சீனாவில் மஞ்சள் நதிக்கரையிலுள்ள லாஜியா என்னும் ஊரில், மண்ணில் புதையுண்டு கவிழ்ந்து கிடந்த ஒரு கலயத்தை எடுத்த ஆய்வாளர்கள், அதனடியில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூடுல்ஸ் இழைகளைக் கண்டு, அவை தினையாலும் பனிவரகாலும் ஆனவை என்று 2005-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். கோதுமையன்று, நேயர்களே, தினை!

கோதுமை மாவில் பசைத்தன்மை உண்டு, இழுத்தால் நீளும். தினை மாவு அப்படி நீளாது. ஆகையால் இது எவ்விதம் சாத்தியம் என்று வித்வான்களிடையே விவாதம் எழுந்தது. நம் தாய்மார்கள் இடியாப்பம் பிழிவதைப் போலவே பிழிந்திருக்கலாம் என்று பிற்காலப் பரிசோதனைகள் காட்டின.

தினையைப் போலவே சிறுதானியமான கேழ்வரகு விளையும் ஜில்லா நம்முடையது. சிறுதானிய நூடுல்ஸ் இப்போது கடைகளிலும் கிடைக்கிறது. அடுத்த முறை உணவுச்சாலைக்குப் போனால், சிறுதானிய நூடுல்ஸில் சமைத்துத் தர இயலுமா என்று அவசியம் விசாரியுங்கள்.