இரைச்சலுக்கும் ஓர் எல்லை உண்டு
(கிளிநொச்சியில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



1958இலும் 1977இலும் இனவன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள் இந்த வன்னியில் காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அரிசி ஆலையிலும் கல்லுடைக்கும் மெஷினிலும் வேலை செய்கிறார்கள். கூலியைப் பற்றி எப்போதும் பேசுகிறோம். இன்று காதைப் பற்றிப் பேசுவோம்.

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் வர்த்தமானியில் வந்தன. ஆலையின் எல்லையில் அளக்கும்போது, பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. நகர சபை, மாநகர சபைப் பகுதிகளில் 63, 50. பாடசாலை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீற்றருக்குள் 50, 45. இந்தச் சட்டத்தில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. காலை 6 மணி வரை நீடிக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. கடைத்தெரு எவ்வளவு பெருத்தாலும் இங்கே 55, 45தான். முல்லைத்தீவுக்கும் அதுவே. வவுனியா நகருக்கு 63, 50.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் தீர்ப்பளித்தது. எங்கள் கோயில் திருவிழாவும் இதற்குள் அடக்கம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையில் 30 டெசிபலும், பாடம் விளங்குவதற்கு வகுப்பறையில் 35 டெசிபலும் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் கூடும்.

ஆலைக்கு உள்ளே நிற்பவரின் நிலை இன்னும் மோசம். எல்லையில் அளக்கும் விதி அவர் காதைக் காப்பாற்றாது. 85 டெசிபலில் 8 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பது நிபுணர்களின் அளவு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2. கருவி இல்லாமலும் மட்டிடலாம். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் சத்தம் போட்டுத்தான் பேச முடிகிறதென்றால், அந்த இடம் ஆபத்தானது. இரைச்சலால் போன காது மருந்தால் திரும்பாது.

"முறைப்பாடு செய்தால் ஆலையை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும்" என்று பயப்படுகிறோம். மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மெஷினுக்குத் தேய்ந்த பகுதியை மாற்று, ஜெனரேட்டருக்குச் சைலன்சர் போடு, காதுக்கவசம் கொடு, ஆட்களை முறை மாற்றி நிறுத்து, வருடத்துக்கு ஒருமுறை காதைச் சோதி என்றுதான் கேட்கிறோம். முதலில் முதலாளியிடம் சங்கமாகக் கேட்போம்.

கேட்காவிட்டால் திகதி, நேரம், எந்த மெஷின் என்று கொப்பியில் எழுதுங்கள். அயலவரும் கையெழுத்திட்டு, பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் கடிதம் கொடுங்கள். எல்லையில் அளந்து பார்க்கும்படி கேளுங்கள். பிரதி ஒன்றைச் சங்கத்துக்குத் தாருங்கள். தனி ஆளாகப் போகாதீர்கள். சேர்ந்து போவோம்.