நாட்பட்ட களைப்பு நோயும் செய்தியாளர் கடமையும்
(மக்கள் நலச் செய்தியாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அமர்ந்தபடியே பேசுவதற்கு முதலில் தங்கள் அனுமதியைக் கோருகிறேன். அரை மணி நேரம் நின்றால் அதன் விலையை நாளை மறுநாள் நான் கொடுக்க வேண்டியிருக்கும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே என் பேச்சின் பெரும்பகுதி.

நான் மருத்துவம் கற்றவள் அல்லள். புள்ளிவிவரக் கள ஆய்வாளராக மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று வினாப் பட்டியல் நிரப்பியவள். உடல்நலக் கணக்கெடுப்புகளில், கடந்த 15 நாட்களில் வீட்டில் எவரேனும் நோயுற்றனரா என்று கேட்பது வழக்கம். பெண்கள் பெரும்பாலும் இல்லை என்பர். தாள்களை மடித்துக்கொண்டு எழும் வேளையில், “கம்ஜோரி மட்டும் இருக்கிறது” என்பர். பலவீனம், அசதி என்று பொருள்படும் இந்திச் சொல் அது. அதனை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று எனக்குத் தெரியாது, குறிக்காமலே வந்துவிடுவேன். பின்னாளில் நானே அக்கட்டத்துக்கு வெளியே நிற்க நேரும் என்று அன்று எண்ணவில்லை.

2011ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் எனக்கு வைரஸ் காய்ச்சல் கண்டது. பத்து நாட்களில் காய்ச்சல் விட்டது, வலு திரும்பவில்லை. பணிக்குத் திரும்பி ஒரு கிராமம் சென்று வந்தால் அன்று மாலை ஓரளவு நன்றாகவே இருப்பேன். அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ, தொண்டை வலியும் தலைச்சுற்றலும் கைகால் வலியும் சேர்ந்து படுக்கையில் தள்ளும். எவ்வளவு உறங்கினாலும் உறங்கியதாகத் தோன்றாது. நாள்தோறும் கூட்டிய எண்களையே மூன்று முறை கூட்டி மூன்று விடைகள் பெற்றேன்.

உழைப்புக்குப் பின் தாமதித்து வரும் இவ்வீழ்ச்சியே இந்நோயின் தலையாய அடையாளம். 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை இதனை இன்றியமையாத குறியாக வகுத்தது. ஓய்வெடுத்தால் நீங்குவது களைப்பு. இந்நோயில் ஓய்வு நிலைமை மேலும் கெடாமல் காக்கிறதேயன்றி, இழந்ததை மீட்டுத் தருவதில்லை.

இரத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகிய சோதனைகள் யாவும் சரியாகவே இருந்தன. “உங்களுக்கு ஒன்றுமில்லை, காலையில் நன்றாக நடங்கள்” என்றார் ஒரு மருத்துவர். கட்டளையை நிறைவேற்றுவதில் நான் கெட்டிக்காரி, நடந்தேன். ஆறு வாரங்களில், குளிப்பதற்கு நாற்காலி தேவைப்படும் நிலையை அடைந்தேன். அம்மருத்துவரைக் குறை கூற எனக்கு விருப்பமில்லை. அன்றைய உலக வழக்கே அதுதான். சிறிது சிறிதாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமே பரிந்துரைத்து வந்தது. 2021 அக்டோபரில்தான் அப்பரிந்துரையைக் கைவிட்டது.

வீட்டிலோ, என் மாமியார் ஒருவரைத் தவிர மற்றவர்கள் இதனைச் சோம்பல் என்றே கருதினர். “இவள் சோம்பேறி என்றால் நேற்று ஏன் இரண்டு ஆள் வேலை செய்தாள்?” என்று அவர் கேட்ட கேள்வி, நான் கேட்ட மருத்துவக் கருத்துகள் பலவற்றினும் கூர்மையானது.

இனி, காரணத்தைத் தேடிய கதைக்கு வருவோம். 1955இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் 292 பேர் ஒருவகை நோய்க்கு உள்ளாயினர். 255 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நோய்க்கிருமி எதுவும் அகப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் சென்றபின், 1970இல், மனநல மருத்துவர் இருவர் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து, அது கூட்டாகத் தோன்றிய உளக் கிளர்ச்சியாக இருக்கலாம் என எழுதினர். நோயுற்றோரில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று! உலகச் சுகாதார நிறுவனமோ 1969ஆம் ஆண்டிலேயே ‘மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ்’ என்ற பெயரில் இதனை நரம்பு மண்டல நோய்களுள் வகைப்படுத்தியிருந்தது. எனினும் உளக் கிளர்ச்சி என்ற சொல்லே நிலைத்தது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து இன்க்ளைன் வில்லேஜ் என்னும் ஊரில் பலர் இவ்வாறு நோயுற்றபோது, பத்திரிகைகள் ‘யப்பி ஃப்ளூ’ என, அதாவது வசதி படைத்த இளைஞர்களின் சளிக்காய்ச்சல் எனக் கேலிப் பெயர் சூட்டின. 1988இல் வழங்கப்பட்ட ‘நாட்பட்ட களைப்பு நோய்க்குறித் தொகுதி’ என்ற பெயரும் பெரிய உதவி செய்யவில்லை. களைப்பு யாருக்குத்தான் இல்லை?

கேலி ஒரு தீங்கு என்றால், அவசர மகிழ்ச்சி மற்றொன்று. 2009 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில், எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இந்நோயாளர் பலரது இரத்தத்தில் காணப்பட்டதாக ஒரு கட்டுரை வெளிவந்தது. உலகெங்கும் அது பெருஞ்செய்தியாயிற்று. எய்ட்ஸ் நோய்க்குரிய மருந்துகளைச் சிலர் உட்கொள்ளவும் தொடங்கினர். ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கலப்படமே அந்த வைரஸ் என்பது பின்னர் புலப்பட்டு, 2011 டிசம்பரில் கட்டுரை முற்றிலும் திரும்பப் பெறப்பட்டது. முதற்செய்தியை நான் படுக்கையில் கிடந்தபடி பழைய பத்திரிகைகளில் படித்து மகிழ்ந்தேன். அது பொய்த்துப்போன செய்தி எனக்குக் கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. நண்பர்களே, அந்த மாதங்களைத் தாங்கள் எனக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம்.

2025 ஆகஸ்டில், பிரிட்டனில் 15,579 நோயாளர்களின் மரபணுக்களை ஆராய்ந்தோர், நோயற்றோரினின்று வேறுபடும் எட்டு மரபணுப் பகுதிகளை அறிவித்துள்ளனர். நோய் எதிர்ப்பாற்றலுடனும் நரம்பு மண்டலத்துடனும் தொடர்புடையவை அவற்றுள் உள்ளன. இது காரணத்தை நோக்கிய வழி, மருந்தன்று. இதனை எழுதுவோர் அந்த அளவிலேயே எழுதுமாறு வேண்டுகிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவாவில் 18 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் 2,494 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட களைப்பைக் கூறியவர்கள் 12 சதவிகிதத்தினர். இரத்தசோகையே இதற்குக் காரணம் என்று நாம் எளிதில் முடிவு கட்டுவோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு அது உண்டு. ஆயினும் கோவா ஆய்வில் களைப்புடன் சேர்ந்து நின்றவை வறுமை, மனத்துயர், கணவனின் கொடுமை ஆகியவையே. இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு அவ்வாறு நிற்கவில்லை. அப்பெண்கள் அனைவருக்கும் என் நோய் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது தவறாகும். அவர்களுள் சிலருக்கு இந்நோய் இருந்தால் அதனைப் பிரித்தறிய, ‘உழைத்த மறுநாள் எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற ஒரு கேள்வி வேண்டும். கோவிட் நோய்க்குப் பின் இதே குறிகளுடன் துன்புறுவோரிடமும் அதனையே கேட்க வேண்டும்.

பெயரில்லாத நோய்க்கு விடுப்பும் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. இந்நோயின் பெயர் அதில் இல்லை. என் விடுப்பு தீர்ந்தபின், ஊதியமற்ற விடுப்பும் தீர்ந்து, நான் பணியை விட்டேன். மருத்துவச் சான்றிதழில் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டிருந்த சொல் ‘பொதுப் பலவீனம்’. அதாவது கம்ஜோரி.

தாங்கள் எழுதும்போது, தலையில் கைவைத்து அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்தையும் ‘சுறுசுறுப்புக்குப் பத்து வழிகள்’ என்ற தலைப்பையும் தவிர்த்துவிடுங்கள். நோயாளரைப் பேட்டி காண்பதானால் இருபது நிமிடங்களில் முடித்துக்கொள்ளுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவரது வீட்டாரிடம் நலம் விசாரியுங்கள். செய்தி அப்போதுதான் தங்களுக்குக் கிடைக்கும். இந்நோயாளரில் நான்கில் ஒருவரேனும் ஏதோ ஒரு காலத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குபவர் என்பது அமெரிக்க அறிக்கையின் கணிப்பு. இத்தகைய கூட்டங்களுக்கு அவர்கள் வருவதில்லை. வரக்கூடியவர்களில் ஒருத்தி என்பதால் நான் இங்கே அமர்ந்திருக்கிறேன்.

தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்தால் நலம். இன்று இரண்டு மூன்றுக்கு விடை கூறுகிறேன். எஞ்சியவற்றுக்கு அடுத்த வாரம் கடிதம் எழுதுகிறேன்.