போதையில் விழுந்தவனே முதலில் இரையாகிறான்!

(இராஜபாளையத்தில் இளைஞர்கள், வணிகர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அன்புச் சகோதரர்களே! வணிகப் பெருமக்களே!

மது ஹராம் என்பது இங்கே அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. போதைக்கு ஆளானவன் குற்றம் செய்துவிடுவான் என்று அஞ்சுகிறோம். அவன் மீதே குற்றம் நடக்கிறதே, அதை எண்ணிப் பார்த்தோமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது என்ன? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. கூலி வேலை செய்து பிழைத்த ஏழைகளே அதிகம் மாண்டார்கள். 'குடித்தான், செத்தான்' என்று சொல்லிக் கடந்து போனவர்களும் உண்டு. விஷத்தை விற்றவன் குற்றவாளி என்றால், அதைக் குடித்து மாண்டவன் அந்தக் குற்றத்துக்குப் பலியானவன் அல்லவா?

நம் ஊருக்கு வருவோம். சம்பள நாள் இரவு. மில் தொழிலாளி ஒருவன் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் சாய்கிறான். விழித்துப் பார்த்தால் பணமும் இல்லை, செல்போனும் இல்லை. போலீசுக்குப் போவானா? 'குடித்துவிட்டுக் கிடந்தாயா?' என்ற கேள்விக்கு அஞ்சியே வாயை மூடிக்கொள்வான். திருடன் நம்பியிருப்பதும் அந்த வெட்கத்தைத்தான்!

இளைஞனின் நிலை இன்னும் மோசம். முதல் பொட்டலத்தை ஓசியில் கொடுப்பவன், பிறகு கடன்கணக்கு சொல்வான். 'உன் அத்தாவிடம் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டுவான். கடைசியில் சரக்கை அவன் கையிலேயே கொடுத்தனுப்புவான். பிடிபடுவது யார்? நம் பிள்ளை!

சகோதரர்களே, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குடித்திருந்தவனிடம் பறித்தாலும் அது குற்றம்தான். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த வழிப்பறிக்கு இராஜபாளையம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நம் மாவட்டத் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுக்கும் வழி கேட்கலாம்.

போதைக்கு அடிமையானவன் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ, அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 64-ஏ பிரிவு இதைச் சொல்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும்.

வணிகர்களே! உங்களிடம் வேலை பார்ப்பவரின் கூலியை இரவில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பகலில் கொடுங்கள், அல்லது வங்கிக் கணக்கில் போடுங்கள். தடை செய்யப்பட்ட புகையிலைப் பொட்டலம் உங்கள் கடையில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். பத்து ரூபாய் லாபத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பலி கொடுக்கலாமா?

இளைஞர்களே! உங்கள் நண்பன் சிக்கியிருந்தால் ஒதுக்காதீர்கள். நீங்கள் ஒதுக்கினால், பொட்டலம் விற்பவன் அவனை அணைத்துக்கொள்வான். காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீங்களே உடன் செல்லுங்கள்.

பெற்றோர்களே! மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். நம் மௌனம்தான் மிரட்டுபவனின் முதலீடு. அதை அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!