புண்ணில் வைக்கும் பால் மருந்தாகுமா?

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம். இன்று நான் பேசப்போவதும் பாலைப் பற்றித்தான். மங்கில் வடியும் ரப்பர் பால் அல்ல. மருந்தென்று நம்பிப் புண்ணில் தடவும் செடிப் பால்.

ரப்பர், ஆமணக்கு, மரவள்ளி, கள்ளி, லயத்து ஓரத்தில் முளைக்கும் அம்மான் பச்சரிசி எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அதன் பாலை மருவில் வைப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இதைக் கேட்டுப் படித்தவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களும் இதையே செய்தார்கள்.

தோல் புற்றுநோய் மிகுந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே அம்மான் பச்சரிசிக்கு உறவான யூஃபோர்பியா பெப்லஸ் என்ற களைச் செடியின் பாலை ஜனங்கள் தோல் புற்றில் வீட்டு வைத்தியமாகத் தடவி வந்தார்கள். டாக்டர்கள் இதைப் பரீட்சித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். 36 நோயாளிகளின் 48 புற்றுகளில், நாளுக்கு ஒரு முறையாக 3 நாள் பாலைத் தடவினார்கள். அடித்தோல் புற்று என்ற வகையில் ஒரு மாதத்தில் நூற்றுக்கு 82 மறைந்துவிட்டன. ஆனால் சராசரியாக 15 மாதம் கழித்துப் பார்த்தபோது, நலமாக நின்றவை நூற்றுக்கு 57தான்!

இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வையுங்கள். லாலான் புல்லை மேலே வெட்டினால் நிலம் சுத்தமாகத்தான் தெரியும். கீழே வேர் கிடக்கிறதே! புண் ஆறிவிட்டது என்று நாம் சும்மா இருக்கும் நேரத்தில் புற்று உள்ளே ஓடும்.

அதே பாலிலிருந்து இன்ஜெனால் மெபுடேட் என்ற சத்தைப் பிரித்துக் களிம்பு செய்தார்கள். வெயிலால் தோலில் தோன்றும், புற்றாக மாறக்கூடிய சொரசொரப்புத் திட்டுகளுக்கென்று 2012இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. பின்னால் நடந்தது என்ன? 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வேறு களிம்பு போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்குத் தோல் புற்று அதிகம் வந்திருந்தது. 2020இல் ஐரோப்பாவில் அந்தக் களிம்பு நிறுத்தப்பட்டது.

இதே குடும்பத்து நேர்வாளத்தின் எண்ணெயிலும் புற்றை வளர்க்கும் பொருள் உண்டென்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். கள்ளிப்பால் பட்டால் கண்ணே கெடும். மருந்தும் விஷமும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. அளவு தெரியாமல் எடுப்பவனுக்கு எது எதுவென்று தெரியாது.

செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து 1958இல் கனடாவில் பிரித்த சத்தும், அதன் இனமான இன்னொரு சத்தும் இன்றும் ரத்தப் புற்று முதலிய நோய்களுக்கு ஊசியாகப் போடப்படுகின்றன. ஆனால் அந்த இலையைப் பறித்துத் தின்றால் அது விஷம்!

தோழர்களே, தோல் புற்று வெள்ளைத் தோலுக்கு மட்டுமே வரும் என்று எண்ணாதீர்கள். நம்மைப் போன்ற கறுத்த தோலில் கொடிய கரும்புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் வரும். பழைய தீக்காயத் தழும்பிலும், ஆறாத காலிலும் வேறு வகைப் புற்று தோன்றலாம். மலாயாத் தோட்டங்களில் ஒரு காலத்தில் லாலானை அழிக்க சோடியம் ஆர்சினைட் அடித்தார்கள். உடம்பில் ஏறிய ஆர்சனிக், பல ஆண்டுகள் சென்றும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்பையும் தோல் புற்றையும் கொண்டுவரும். அந்த மருந்தடித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் கைகால்களைப் பாருங்கள்.

4 வாரமாகியும் ஆறாத புண், வளர்கிற அல்லது நிறம் மாறுகிற கரும்புள்ளி, நகத்தடியில் அகலமாகி வரும் கறுப்புக் கோடு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாலை வைக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் சிறு அறுவையில் முடியும். விட்டுவிட்டால் உயிரையே கேட்கும்.

“ஒரு நாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் சம்பளம் போகுமே” என்பீர்கள். நம் ஆட்கள் பாலைத் தடவிக்கொண்டு நாளைக் கடத்துவதற்குப் பெரிய காரணம் அந்தப் பயம்தான். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, டாக்டர் சீட்டுக் கொடுத்தால் சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. வேலை செய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். அது யாரும் போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை.

கிராணிமார்களே, அந்தச் சீட்டை அன்றே பதியுங்கள். சம்பளம் பிடித்தால், தோழர்களே, கமிட்டியிடம் வந்து சொல்லுங்கள். அதைக் கேட்பது சங்கத்தின் வேலை. புண்ணைக் காட்டுவது உங்கள் வேலை. மரத்தின் பட்டையில் ஒரு காயம் கண்டால் கவனித்துப் பார்க்கிறோமே! நம் தோலையும் அப்படிப் பார்ப்போம்.